2¹²⁷ − 1: ஒரு பகா எண்ணின் அக்கம்பக்கம்

170141183460469231731687303715884105727 என்பது முப்பத்தொன்பது இலக்க எண். நூற்று இருபத்தேழு இரண்டுகளைப் பெருக்கி, வந்ததில் ஒன்றைக் கழித்தால் இது கிடைக்கும். இது ஒரு பகா எண். ஒன்றையும் தன்னையும் தவிர வேறு எந்த எண்ணாலும் மீதியின்றி வகுபடாது. பிரான்ஸைச் சேர்ந்த எதுவார் லூகா 1876-இல் இதை நிறுவினார். அதிலிருந்து 1951 வரை எழுபத்தைந்து ஆண்டுகள் இதைவிடப் பெரிய பகா எண் எதையும் யாரும் அறிந்திருக்கவில்லை. எந்திரத் துணையின்றிக் கைக்கணக்கால் நிறுவப்பட்ட பகா எண்களில் இன்றும் இதுவே பெரியது.

இத்தனை பெருமை இருந்தாலும் முப்பத்தொன்பது இலக்கப் பகா எண் அப்படியொன்றும் அரியதல்ல. பகா எண்கள் எவ்வளவு நெருக்கமாக விரவியிருக்கின்றன என்பதைச் சொல்லும் பகா எண் தேற்றத்தின்படி, இந்த அளவுள்ள எண்களில் சராசரியாக 88-க்கு ஒன்று பகா எண். இரட்டை எண்களை ஒதுக்கிவிட்டால் 44-க்கு ஒன்று. முப்பத்தொன்பது இலக்கம் கொண்ட பகா எண்கள் மட்டுமே ஏறத்தாழ 10³⁷ இருக்கின்றன. லூகா காலத்தில் யாராவது கண்ணை மூடிக்கொண்டு இந்த நீளத்தில் நூறு ஒற்றை எண்களை எழுதியிருந்தால், அவற்றில் இரண்டு பகா எண்ணாக இருந்திருக்க நல்ல வாய்ப்பு உண்டு. அந்த இரண்டும் எவை என்று சொல்லத்தான் அன்று யாராலும் முடிந்திருக்காது.

பெரிய பகா எண்களைப் பற்றிப் பேசும்போது பெரும்பாலும் இது விட்டுப்போகிறது. செய்தித்தாள்கள் இலக்கங்களின் எண்ணிக்கையை மட்டும் தலைப்பில் போடுகின்றன. உண்மையில் சாதனை எண்ணின் நீளத்தில் இல்லை, அதைப் பகா எண் என்று நிறுவ ஒரு பிடி கிடைத்ததில் இருக்கிறது. அந்தப் பிடி எண்ணுக்குள் இருப்பதில்லை. பகா எண்ணைப் பிரித்துப் பார்க்க உள்ளே எதுவும் கிடையாது. அதற்கு ஒன்று குறைவான எண்ணும் ஒன்று கூடுதலான எண்ணும்தான் பிடி கொடுக்கின்றன. 2¹²⁷ − 1-இன் கதை முழுவதையும் இப்படி அக்கம்பக்கத்து எண்களின் கதையாகவே படிக்கலாம் என்று நினைக்கிறேன்.

மரேன் மெர்சென் பாரிஸில் வாழ்ந்த துறவி. ஐரோப்பிய அறிஞர்கள் பலருக்குக் கடிதத் தொடர்பின் நடுப்புள்ளியாக இருந்தவர். 1644-இல் வெளியிட்ட நூலில் அவர் ஒரு பட்டியல் தந்தார்: 2, 3, 5, 7, 13, 17, 19, 31, 67, 127, 257. இவற்றை அடுக்காக வைத்து 2-ஐ உயர்த்தி ஒன்றைக் கழித்தால் பகா எண் வரும் என்றும், 257 வரை வேறு அடுக்குகளுக்கு வராது என்றும் சொன்னார். நிரூபணம் எதுவும் தரவில்லை. பட்டியலில் ஐந்து பிழைகள் இருந்தன. 67-உம் 257-உம் தவறாக உள்ளே வந்திருந்தன. 61, 89, 107 விடுபட்டிருந்தன. இவற்றைக் கண்டுபிடித்துத் திருத்தி முடிக்க முந்நூறு ஆண்டுகள் போதவில்லை. 61-ஐ 1883-இல் கண்டவர் பெர்வுஷின் என்ற ரஷ்யப் பாதிரியார். 67-க்கான எண் பகு எண் என்று லூகாவே 1876-இல் காட்டினார். ஆனால் அதன் காரணிகள் 193707721, 761838257287 என்று சொல்ல 1903-இல் ஃபிராங்க் கோல் வர வேண்டியிருந்தது. காரணி ஒன்றுகூடத் தெரியாமலே ஓர் எண்ணைப் பகு எண் என்று நிறுவ முடியும் என்பது இந்தத் துறைக்குப் புதிதாக வருபவர்களைத் திகைக்க வைக்கும். எனக்கு அது இன்றும் முழுதாகப் பழகிவிடவில்லை.

127 மெர்சென்னின் சரியான ஊகங்களில் ஒன்று. சரி என்று தெரிவதற்குத்தான் 232 ஆண்டுகள் ஆயின.

நேர்வழியில் சோதித்தால் என்ன ஆகும்? எண்ணின் வர்க்கமூலம் வரை ஒவ்வொன்றாக வகுத்துப் பார்க்க வேண்டும். நம் எண்ணின் வர்க்கமூலம் ஏறத்தாழ 1.3 × 10¹⁹. எல்லா எண்களையும் முயல வேண்டியதில்லை என்பது ஃபெர்மா காலத்திலிருந்தே தெரியும். ஒரு பகா எண் 2¹²⁷ − 1-ஐ வகுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 2-இன் அடுக்குகளை அந்தப் பகா எண்ணால் வகுத்து மீதிகளை எழுதிக்கொண்டே போனால், அவை 127 படிகளுக்கு ஒருமுறை சுழலும். ஃபெர்மாவின் சிறு தேற்றப்படி, அந்தச் சுழற்சியின் நீளம் பகா எண்ணுக்கு ஒன்று குறைவான எண்ணை வகுத்தாக வேண்டும். ஆகவே காரணியாக வரக்கூடியது 127-இன் மடங்கைவிட ஒன்று கூடுதல். அது ஒற்றை எண்ணாகவும் இருக்க வேண்டும் என்பதால் 254-இன் மடங்கைவிட ஒன்று கூடுதல். இங்கேயே ‘ஒன்று குறைவான எண்’ வேலை செய்ய ஆரம்பித்துவிடுகிறது. இன்னொரு சலுகையும் உண்டு. 2⁶⁴-ஐ வர்க்கப்படுத்தினால் 2¹²⁸ வரும். அந்தக் காரணியால் வகுத்தால் இதன் மீதி 2. அதாவது அங்கே 2 ஒரு வர்க்க எண்ணாகிறது. அப்படியானால் காரணியை 8-ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 7 ஆகத்தான் இருக்க முடியும். பாதி பேர் இதிலேயே வெளியேறிவிடுகிறார்கள்.

ஆய்லர் இந்த வகைச் சலுகைகளைப் பயன்படுத்தியே 2³¹ − 1 பகா எண் என்று காட்டினார். அதை 1772-இல் பெர்னூலிக்கு எழுதினார். பத்து இலக்க எண் என்பதால் அந்த வழி போதுமாக இருந்தது. 127-க்கு இதே வழியில் போனால் எல்லாச் சலுகையும் போக மிஞ்சுபவை 2.5 × 10¹⁶-க்கு மேல். நொடிக்கு ஒன்று வீதம் இரவு பகலாக வகுத்தாலும் எண்பது கோடி ஆண்டுகள் பிடிக்கும்.

லூகா வேறு பக்கம் திரும்பினார். 1842-இல் அமியானில் பிறந்தவர், பிரஷ்யப் போரில் பீரங்கிப் படையில் பணியாற்றியவர், பிறகு பள்ளிகளில் கணிதம் கற்பித்தவர். கணிதப் புதிர்களில் அவருக்குத் தீராத ஆசை. மூன்று கம்பங்களுக்கிடையே வட்டுகளை மாற்றும் ஹனாய் கோபுர விளையாட்டை 1883-இல் வெளியிட்டவர் அவர்தான். அந்த விளையாட்டில் 127 வட்டுகள் இருந்தால், அவற்றை மாற்றி முடிக்கக் குறைந்தது 2¹²⁷ − 1 நகர்வுகள் தேவை. தன் எண்ணை அவர் பொம்மைக்குள்ளும் ஒளித்து வைத்திருக்கிறார்!

அவர் நாடியது ஃபிபொனாச்சித் தொடரின் உடன்பிறந்த தொடரை. 1, 3, 4, 7, 11, 18, 29, 47 என்று முந்தைய இரண்டைக் கூட்டிக்கொண்டே போகும் இந்த எண்கள் இன்று அவர் பெயராலேயே வழங்குகின்றன. இதில் இரண்டாவது, நான்காவது, எட்டாவது, பதினாறாவது என்று இரட்டித்துக்கொண்டே போனால் 3, 7, 47, 2207 கிடைக்கும். ஒவ்வொன்றும் முந்தையதன் வர்க்கத்தில் 2-ஐக் கழித்தது. 4-ஆல் வகுத்தால் மீதி 3 வரும் அடுக்குகளுக்கு லூகாவின் சோதனை இவ்வளவுதான்: 3-இல் தொடங்கு; வர்க்கப்படுத்தி 2-ஐக் கழி; சோதிக்கும் எண்ணால் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொள்; மறுபடி செய். அடுக்கு 127 என்றால் 125 முறை. கடைசியில் பூச்சியம் வந்தால் பகா எண்.

அடுக்கு 7 என்று வைத்து, 2⁷ − 1 = 127-க்கே இதைச் செய்து பார்க்கலாம். ஐந்து முறை போதும். 3, 7, 47; 47-இன் வர்க்கத்தில் இரண்டைக் கழித்தால் 2207, 127-ஆல் வகுக்க மீதி 48, 48-இலிருந்து 2302, மீதி 16, 16-இலிருந்து 254, மீதி 0. அடுக்கு 11 என்றால் என்ன ஆகிறது? 2¹¹ − 1 = 2047; இது 23-ஐ 89-ஆல் பெருக்கியது. அங்கே 3, 7, 47, 160, 1034, 620, 1609, 1471 என்று போய்ப் பிறகு மறுபடி 160-க்கே திரும்பிவிடுகிறது. எத்தனை காலம் சுற்றினாலும் பூச்சியம் வராது. 23, 89 என்ற காரணிகளை நாம் தொடவே இல்லை. ஆனாலும் பகு எண் என்று தீர்ந்துவிட்டது. மேலே சொன்ன திகைப்புக்கு விடை இதுதான்.

இது ஏன் பலிக்கிறது? முழு எண்களோடு √5-ஐயும் சேர்த்துக்கொண்டு, நம் எண்ணால் வகுத்த மீதிகளை மட்டும் வைத்துக் கணக்கிட்டால் ஓர் எண்ணுலகம் கிடைக்கிறது. நம் எண் பகா எண்ணாக இருந்தால், பொன்விகித எண்ணின் வர்க்கத்தை அங்கே அடுக்கடுக்காகப் பெருக்கும்போது வரும் சுழற்சியின் நீளம் நம் எண்ணைவிட ஒன்று கூடுதலான எண்ணை வகுத்தாக வேண்டும். அந்த ஒன்று கூடுதலான எண் எது? 2¹²⁷. இரண்டைத் தவிர வேறு பகாக்காரணியே இல்லாத எண். ஆகவே சுழற்சியின் நீளமும் 2-இன் ஏதோவொரு அடுக்காகத்தான் இருக்க முடியும். வர்க்கப்படுத்திக்கொண்டே போய் எந்தப் படியில் பூச்சியம் வருகிறது என்று பார்த்தாலே அது எந்த அடுக்கு என்று தெரிந்துவிடும். 125-ஆவது படியில் பூச்சியம் வந்தால் சுழற்சிக்கு முழு நீளமும் இருக்கிறது என்று பொருள். அவ்வளவு நீளமான சுழற்சிக்குச் சிறிய காரணி எதுவும் இடம் தர முடியாது. எனவே காரணியே இல்லை. 2¹²⁷ − 1 என்ற வடிவத்தின் முழுப் பயனும் இங்கே தெரிகிறது. அதனோடு ஒன்றைக் கூட்டினால் உலகிலேயே எளிதாகக் காரணிப்படுத்தக்கூடிய எண் கிடைக்கிறது.

கூட்டுவதன் பயன் கணக்குச் செய்யும்போதும் உண்டு. 9-ஆல் வகுத்த மீதியை இலக்கங்களைக் கூட்டியே கண்டுபிடிப்பது பள்ளிக்கூட வழக்கம். 10-ஐ 9-ஆல் வகுத்தால் மீதி 1 என்பதால் அது நடக்கிறது. அதேபோல் 128-ஐ 127-ஆல் வகுத்தால் மீதி 1. ஆகவே 2207-ஐ 128-இன் 17 மடங்கும் 31-உம் என்று வெட்டி, 17-ஐயும் 31-ஐயும் கூட்டினால் 48 வந்துவிடுகிறது. வகுத்தலே வேண்டாம். இரும எண்முறையில் எழுதியிருந்தால் எண்ணைக் கத்தரித்துக் கூட்டுவது மட்டுமே வேலை. லூகா இதை உணர்ந்திருந்தார். சதுரப் பலகையில் காய்களை வைத்தும் எடுத்தும் இரும எண்களைப் பெருக்கும் முறையை அவர் விவரித்திருக்கிறார். அப்படியும் முப்பத்தொன்பது இலக்க எண்ணை நூற்று இருபத்தைந்து முறை வர்க்கப்படுத்துவது சிறிய காரியமல்ல. ஒரு படியில் ஓர் இலக்கம் பிசகினாலும் கடைசியில் பூச்சியம் வராது. பிழையான கணக்கு தற்செயலாகப் பூச்சியத்தில் முடிய வாய்ப்பு இல்லையென்றே சொல்லலாம் என்பதால், பூச்சியம் வந்ததே கணக்குச் சரி என்பதற்கும் சான்று. இருந்தாலும் 1914-இல் ஃபொகெம்பெர்க் என்பவர் இதை மறுபடி உறுதிப்படுத்தினார். லூகாவின் நிரூபணங்களில் இருந்த இடைவெளிகளை அடைத்து, 4-இல் தொடங்கும் இன்றைய வடிவத்தை 1930-இல் தந்தவர் டெரிக் ஹென்றி லேமர்.

இனி, ஒன்று குறைவான பக்கம். 2¹²⁷ − 2-ஐப் பாதியாக்கினால் 2¹²⁶ − 1. அது 2⁶³ − 1, 2⁶³ + 1 என்ற இரண்டின் பெருக்கல். முதலாவது 7², 73, 127, 337, 92737, 649657 என்று உடைகிறது. இரண்டாவது 3³, 19, 43, 5419, 77158673929 என்று உடைகிறது. ஆக இந்த எண்ணுக்கு இரண்டு பக்கமும் திறந்த வாசல். ஒன்று குறைவான எண்ணின் காரணிகளை வைத்தும் இதைப் பகா எண் என்று தனியாக நிறுவ முடியும். இந்த அளவுள்ள பகா எண் ஒன்றைக் குருட்டாம்போக்கில் எடுத்தால் இரண்டு பக்கமும் இப்படி ஒழுங்காக உடையும் என்று எதிர்பார்க்க முடியாது.

வேறு சில இயல்புகளையும் சுருக்கமாகச் சொல்லலாம். யூக்ளிட் காட்டியபடி, இந்த எண்ணை 2¹²⁶-ஆல் பெருக்கினால் ஒரு நிறைவு எண் கிடைக்கும். 6, 28 போல, தன்னைத் தவிர்த்த மற்றக் காரணிகளின் கூட்டுத்தொகைக்குத் தானே சமமான எண். அதற்கு எழுபத்தேழு இலக்கங்கள். 2¹²⁷ + 1-ஐ 3-ஆல் வகுத்தால் வருவதும் ஒரு பகா எண். மீதிகளின் உலகில் வர்க்கமூலம் காண்பது பொதுவாகத் தொல்லை பிடித்த வேலை. இங்கே ஓர் எண்ணுக்கு வர்க்கமூலம் இருந்தால், அந்த எண்ணை 125 முறை தொடர்ந்து வர்க்கப்படுத்தினால் போதும், வர்க்கமூலம் வந்து நிற்கும். −1-க்கு வர்க்கமூலம் இல்லை என்பதால், பள்ளியில் கலப்பெண்ணுக்குச் செய்வது போலவே ஒரு கற்பனை எண்ணைச் சேர்த்து இரட்டை உலகம் ஒன்றைக் கட்டலாம். மைக்ரோசாஃப்ட் ஆய்வகத்தின் கிரெய்க் காஸ்டெல்லோவும் பாட்ரிக் லோங்காவும் 2015-இல் வெளியிட்ட ஃபோர்க்யூ என்ற நீள்வட்ட வளைவு இந்த இரட்டை உலகத்தின் மேல்தான் நிற்கிறது. 64 பிட் கணினியில் இரண்டே சொற்களில் இந்த எண் அடங்கிவிடும், மீதியெடுப்பது கத்தரித்துக் கூட்டுவதோடு முடிந்துவிடும் என்பதால் மறையீட்டுக் கணக்குகள் வேகமாக ஓடுகின்றன. வங்கி ரகசியத்தைக் காக்கப் பெரிய பகா எண்கள் தேடப்படுகின்றன என்று பலரும் எழுதுவார்கள். அது பாதி உண்மை. பகா எண்ணையே ரகசியமாக வைக்கும் முறைகளுக்கு வேண்டியது யாருக்கும் தெரியாத சில நூறு இலக்கப் பகா எண். உலகறிந்த சாதனை எண்ணால் அந்த வேலைக்குப் பயனில்லை.

1951-இல் இந்த எண்ணின் முடி பறிபோனது. ஃபெரியே என்பவர் மேசைக் கணக்குப்பொறி ஒன்றைக் கொண்டு 2¹⁴⁸ + 1-ஐ 17-ஆல் வகுத்தால் வரும் நாற்பத்துநான்கு இலக்க எண்ணைப் பகா எண் என்று காட்டினார். அதே ஆண்டு கேம்பிரிட்ஜின் எட்சாக் கணினியில் மில்லரும் வீலரும் எழுபத்தொன்பது இலக்கத்துக்குப் போனார்கள். அவர்கள் எடுத்துக்கொண்ட எண்ணைக் கவனியுங்கள்: 2¹²⁷ − 1-ஐ வர்க்கப்படுத்தி, 180-ஆல் பெருக்கி, ஒன்றைக் கூட்டியது. ஏன் அப்படியொரு எண்? ஒன்றைக் கழித்தால் காரணிகள் அனைத்தும் கைவசம் இருக்கும் என்பதால். பழைய அரசனை அகற்றப் பழைய அரசனையே பயன்படுத்திக்கொண்டார்கள். 1952 ஜனவரியில் ரஃபேல் ராபின்சன் எழுதிய நிரல் லாஸ் ஏஞ்சல்ஸின் ஸ்வாக் கணினியில் லூகா–லேமர் சோதனையை ஓட்டி, ஒரே நாளில் 2⁵²¹ − 1, 2⁶⁰⁷ − 1 இரண்டையும் கண்டுபிடித்தது.

அதன் பின் வந்தவை அதிக விளக்கம் கேட்காதவை. 1996-இல் ஜார்ஜ் வோல்ட்மன் தொடங்கிய இணையவழிக் கூட்டுமுயற்சி, ஆயிரக்கணக்கானோரின் கணினிகளை இந்தத் தேடலில் இறக்கியது. 2024 அக்டோபரில் லூக் டுராண்ட் கண்டுபிடித்த 2¹³⁶²⁷⁹⁸⁴¹ − 1-க்கு 4,10,24,320 இலக்கங்கள். வரைகலைச் செயலிகளால் கண்டுபிடிக்கப்பட்ட முதல் மெர்சென் பகா எண் (2-இன் அடுக்கில் ஒன்றைக் கழித்து வரும் பகா எண்) அது, அறியப்பட்டவற்றில் ஐம்பத்திரண்டாவது. அங்கேயும் உறுதிப்படுத்தியது லூகா–லேமர் சோதனைதான்.

எந்த எண்ணுக்கும் பொருந்தும் பொதுச் சோதனை கிடையாதா என்ற கேள்வி எழும். உண்டு. 2002-இல் கான்பூர் ஐ.ஐ.டி.யின் மணீந்திர அகர்வால், நீரஜ் கயால், நிதின் சக்சேனா மூவரும் அக்கம்பக்கத்து எண்களின் காரணிகளைக் கேட்காத, தற்செயலை நம்பாத, எண்ணின் நீளத்தோடு ஒப்பிட்டால் அளவோடு மட்டும் நேரம் கூடும் சோதனை ஒன்றைத் தந்தார்கள். கயாலும் சக்சேனாவும் அப்போதுதான் இளநிலைப் படிப்பை முடித்திருந்தார்கள். கோட்பாட்டளவில் அது பெரிய வெற்றி. நடைமுறையில் அதைவிட நீள்வட்ட வளைவுகளைக் கொண்டு செய்யும் சோதனைகளே வேகமானவை. அவையும் தனி வடிவம் இல்லாத எண்களை லட்சம் இலக்கத்தை ஒட்டிய அளவில்தான் நிறுவ முடிந்திருக்கிறது. லட்சம் எங்கே, நான்கு கோடி எங்கே? இந்த இடைவெளி முழுவதும் ‘ஒன்றைக் கூட்டினால் 2-இன் அடுக்கு’ என்ற ஒற்றை வசதியின் விலை. சாதனைப் பட்டியலில் முன்வரிசையில் இருக்கும் எண்கள் எல்லாமே இந்த வகை வசதி உள்ளவையாக இருப்பதில் வியப்பில்லை. பெரிய பகா எண்கள் இப்படித்தான் இருக்கும் என்று அதிலிருந்து முடிவுகட்டிவிடக் கூடாது. நாம் வெளிச்சம் உள்ள இடத்தில் மட்டும் தேடுகிறோம்.

மெர்சென் பகா எண்கள் முடிவில்லாமல் வருமா என்பது இன்னும் நிறுவப்படவில்லை. ஊகம், வரும் என்பது. 2¹²⁷ − 1-ஐ ஒட்டி அதைவிடப் பிடிவாதமான கேள்வி ஒன்று இருக்கிறது. 2-ஐ அடுக்காக வைத்தால் 2² − 1 = 3. 3-ஐ வைத்தால் 7. 7-ஐ வைத்தால் 127. 127-ஐ வைத்தால் நம் எண். எல்லாமே பகா எண்கள். அடுத்து நம் எண்ணையே அடுக்காக வைத்தால்? லூகாவின் கண்டுபிடிப்பு வந்த 1876-லேயே யூஜின் கத்தலான் இந்தத் தொடரைக் கவனித்தார். மெர்சென் பகா எண்ணை அடுக்காக வைத்தால் எப்போதும் பகா எண்ணே வரும் என்ற நம்பிக்கை 1953-இல் உடைந்தது. 8191-உம் ஒரு மெர்சென் பகா எண்தான்; ஆனால் இலியாக் கணினியில் வீலர் 2⁸¹⁹¹ − 1-ஐச் சோதித்துப் பகு எண் என்று காட்டினார். கத்தலானின் தொடர் மட்டும் நான்காம் படி வரை உடையாமல் நிற்கிறது.

ஐந்தாவது எண்ணுக்கு 5 × 10³⁷ அளவில் இலக்கங்கள் இருக்கும். லூகாவின் சோதனைக்கு ஒன்றைக் கூட்டிப் பார்த்தால் வழக்கம்போல 2-இன் அடுக்குதான். பிடி கையில் இருக்கிறது. ஆனால் வர்க்கப்படுத்த வேண்டிய எண்ணை எழுதி வைக்கவே எந்த நினைவகமும் போதாது. காரணி ஒன்று அகப்படுமா என்று தேடுவதுதான் மிஞ்சிய வழி. அப்படி ஒன்று இருந்தால் அது 2¹²⁷ − 1-இன் இரட்டை மடங்குகளில் ஒன்றைவிட ஒன்று கூடுதலாக இருந்தாக வேண்டும். அந்த வரிசையில் கணினிகள் தேடிக்கொண்டிருக்கின்றன; இதுவரை எதுவும் அகப்படவில்லை. பகு எண்ணாகவே இருக்கும் என்பது பெரும்பாலோர் கணிப்பு. இந்த அளவுள்ள எண்களில் பகா எண்கள் அத்தனை அருகியிருக்கும் என்பதால் எனக்கும் அதுவே சரியென்று படுகிறது. ஆனால் அதன் மிகச் சிறிய காரணியே நூறு இலக்கத்துக்கு அப்பால் இருந்துவிட்டால், நம் கணிப்பைச் சரிபார்க்க இன்று தெரிந்த வழி எதுவும் உதவாது.